ஆறு ஆள் தூக்கும் கதவு

சத்தம் கேட்டபோது நான் வாசலில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தேன். முறம் கையிலிருந்து நழுவி, கம்பெல்லாம் மண்ணில் கொட்டியது. பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் பாறைக்கு வெடி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் அது சாதாரணச் சங்கதி. ஆனால் வெடி வைப்பதற்கு முன்னால் ‘வேட்டு, வேட்டு’ என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். அன்று யாரும் கத்தவில்லை. சத்தம் கார் நிறுத்துகிற எங்கள் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்திருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கொட்டகை அப்படியேதான் நின்றது. கதவும் மூடினபடி மூடியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன், அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். ஒரு நெல்மணி அளவுகூட மேலே வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நான் ஒற்றைக் கையால் தூக்கிய கதவு அது.

அந்தக் கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்புத் தகடுகளை வரிசையாகக் கோத்துச் செய்தது. தூக்கினால் மேலே போய்ப் பாய் மாதிரிச் சுருண்டுகொள்ளும். ஷட்டர் என்பார்கள். என் கணவர் கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் வேலையாக இருந்தார்; ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். பட்டணத்தில் எதைப் பார்த்தாலும் நம் வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்கிற ரகம். கருமத்தம்பட்டிக்கு இந்தப் பக்கம், இருபுறமும் வேலி வைத்த இட்டேரிப் பாதைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தோட்டத்து வீட்டுக்கு மதராசிலிருந்து இரும்புக் கதவு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

கதவுக்கு மேலே, வெளிப்பக்கம், ஒரு சின்ன ஓட்டுச் சரிவுக்குக் கீழே குறுக்காக ஓர் இரும்புத் தண்டு. அந்தத் தண்டைச் சுற்றி ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங். என் சுண்டுவிரல் கனமான கம்பியை வளையம் வளையமாகச் சுற்றியது. கதவு இறங்கும்போது அது முறுக்கிக்கொள்ளும். ஏறும்போது அந்த முறுக்கே கதவைத் தூக்கிக் கொடுக்கும். கதவின் கனம் முழுவதையும் அது தூக்கும். நாம் தூக்குகிறோம் என்று நினைத்துக்கொள்வது நம் கர்வம், அவ்வளவுதான். அன்று காலை அந்த ஸ்பிரிங் நடுவில் முறிந்து இரண்டாகத் தொங்கியது. முறிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே கற்கண்டை உடைத்தது போல மினுமினுவென்று இருந்தது.

எனக்கு ஸ்பிரிங் புதிதில்லை. என் அப்பா கோயமுத்தூரில் கடிகாரம் பழுது பார்ப்பவர். நான் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கும்போது ஒரு சுவர்க் கடிகாரத்தின் ஸ்பிரிங் அவர் கையை மீறி எழும்பி, புருவத்தைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அதைப் பொறுக்கி எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. இந்தக் கதவுக்குக் கீழே அந்தக் காலையில் நின்றபோதுதான் அவர் ஏன் ஒற்றிக்கொண்டார் என்று கொஞ்சம் புரிந்தது.

என் பின்னாலேயே நங்கையா வந்து நின்றார். கணவரின் அக்காளை எங்கள் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வயது. வெள்ளைச் சேலை. அண்ணாந்து முறிந்த ஸ்பிரிங்கைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கலக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“போச்சு கண்ணு,” என்றார். “இனி ஒவ்வொரு தடவையும் கேக்கோணும்.”

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. நங்கையாவின் கணவர் பஞ்சு அரவை ஆலையில் பங்குக்காரர். காய்ச்சலில் போய்விட்டார். அவர் வைத்திருந்த மோட்டார் கார் நங்கையாவோடு பிறந்த வீட்டுக்கு வந்தது. கூடவே ஒரு டிரைவரும் ஆறு மாதத்துக்கு வந்தார். அவர் பஸ் ஓட்டப் போவதற்குள் நங்கையா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். முதலில் இட்டேரியில், பிறகு அவிநாசி ரோட்டில். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்? காதில் விழுந்ததையெல்லாம் எழுதினால் இந்தக் காகிதம் நாறும்.

பேச்சு நின்றது ஒரு பிரசவத்தால். பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணுக்கு விடிகாலையில் வலி எடுத்து, குழந்தை திரும்பிக் கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டார். நங்கையா அவளைக் காரில் போட்டுக்கொண்டு பதினைந்து மைல் தாண்டி, கோயமுத்தூரில் வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு பாருங்கள் வேடிக்கையை! நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது வெள்ளைச் சேலை எதிரே வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களே, வலி எடுத்தால் முதலில் எங்கள் கொட்டகைக்குத்தான் ஓடிவந்தார்கள். நங்கையா யாரையும் ஒன்றும் கேட்கமாட்டார். கதவை ஒற்றைக் கையால் மேலே தள்ளுவார், வண்டியை எடுப்பார், போய்விடுவார்.

இப்போது அந்தக் கதவைத் தூக்க ஆறு ஆள் வேண்டும். ஆறு ஆளும் மாமாவின் ஆட்கள். மாமா என்றால் என் மாமனார், நங்கையாவின் அப்பா. கெட்டவர் அல்ல. வீட்டில் எது நடந்தாலும் அது அவர் வாயால் சொல்லி நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்பிரிங் முறிந்ததில் அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது என்று நான் நினைக்கிறேன். மகள் ரோட்டில் எங்காவது மோதிக்கொள்வாள் என்று அவருக்கு ஓயாத பயம்.

“வேணுங்கறப்ப எங்கிட்டச் சொல்லு அம்மணி. ஆளுகளை அனுப்பறேன். தூக்கிக் குடுத்துட்டுப் போறாங்க,” என்றார்.

காரை வெளியிலேயே நிறுத்தலாமே என்று நான் கேட்டதற்கு, வெயில், ஆடு, ஊர்ப் பிள்ளைகள் என்று மூன்று காரணம் சொன்னார். நாலாவது காரணத்தை அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

பத்து நாளில் அந்தக் கேட்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. ஒரு நண்பகலில் இட்டேரிக்கு அந்தப்புறத்திலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார், மனைவிக்கு வலி. நங்கையா என்னையும் கூட்டிக்கொண்டு மாமாவைத் தேடித் தோட்டத்துக்குப் போனார். ஆட்கள் பருத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்கள். “இந்தப் பாத்தி பாஞ்சு முடியட்டும், அனுப்பறேன்,” என்று மாமா எங்களைத் திருப்பி அனுப்பினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நல்லவேளையாக அந்தப் பெண்ணுக்கு வீட்டிலேயே சுகமாகப் பிரசவம் ஆகிவிட்டது. ஆனால் அந்த ஒரு மணி நேரமும் நங்கையா மூடிய கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ‘பாத்தி’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் சுண்டிப்போனதை நான் கவனித்தேன். காரணம் அப்போது தெரியவில்லை.

மதராஸ் கம்பெனிக்கு நான்தான் இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். புது ஸ்பிரிங் ரயிலில் வந்து, கோயமுத்தூர் ஸ்டேஷனிலிருந்து வண்டியில் தோட்டத்துக்கு வந்தது. ஃபிட்டர் இரண்டு மாதம் கழித்துத்தான் வருவாராம். எங்களிடம் இரண்டு மாதம் இல்லை. கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பதைக் கவலை ஓட்டுவது என்போம்; எங்கள் கிணற்றில் அதை ஓட்டியவரின் மனைவிக்கு ஒன்பதாவது மாதம். கவலைக்காரன் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நான் கவலைக்காரர் என்றே எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் காலெடுத்து வைக்க உரிமை இல்லாதவர்கள் அவர்கள். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. நங்கையா அவளை ஒருமுறை டாக்டரம்மாவிடம் காட்டியிருந்தார். இந்தத் தடவை முதல் வலி எடுத்ததுமே கொண்டுவந்துவிட வேண்டும், காத்திருந்தால் தாயும் போய்விடுவாள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு மாமா கிளம்பினார். திரும்பி வர மூன்று நாளாகும். அவர் வண்டி இட்டேரி முனை திரும்புகிறவரை நங்கையா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

“பெட்டியைப் பிரி கண்ணு,” என்றார்.

பெட்டிக்குள் வைக்கோலில் புதைந்து கிடந்தது ஸ்பிரிங். கருநீலத்தில், எண்ணெய் மினுக்கத்தோடு. முறுக்கு ஏறாத நிலையில் அது வெறும் இரும்பு. குழந்தைகூட மேலே ஏறி உட்காரலாம். கூடவே இங்கிலீஷில் ஒரு காகிதமும் படமும். நான் படித்துச் சொன்னேன். தண்டின் நுனியில் ஒரு சக்கரம் இருக்கிறது. அந்தச் சக்கரத்தைப் பன்னிரண்டு சுற்று திருகி, சுவரில் இருக்கிற பட்டையோடு சேர்த்து ஒரு தடித்த ஆணியைப் போட வேண்டும். ஆணி விழுந்துவிட்டால் முறுக்கு உள்ளேயே நின்றுவிடும். அது விழுகிறவரை திருகுகிறவரின் உயிருக்கு யாரும் பொறுப்பல்ல. காகிதத்தில் கடைசி வாக்கியம் இத்தனை பச்சையாக இல்லை. ஆனால் அர்த்தம் அதுதான்.

பழையதைக் கழற்றிப் புதியதைத் தண்டில் கோத்து மாட்டுவதற்கு ஒரு காலைப் பொழுது ஆயிற்று. கவலைக்காரர் ஏணி பிடித்தார், நான் ஸ்பேனரைத் திருகினேன், நங்கையா கீழே நின்று தாங்கினார். மூன்று பேர் முகத்திலும் கிரீஸ். பிறகு பன்னிரண்டு சுற்று எப்படித் திருகுவது என்ற கேள்வி வந்தது. மாமா இல்லாதபோது அவருடைய ஆட்களைக் கூப்பிட்டால் ஒருவர்கூட வரமாட்டார்கள். நங்கையாவும் கூப்பிடுகிற ரகம் இல்லை.

“ஆளு எதுக்குங்கம்மணி?” என்றார் கவலைக்காரர். “சக்கரத்துல வடத்தைச் சுத்தி, நம்ம ஜோடியைப் பூட்டி இழுத்துப்போடலாமுங்க. கெணத்துலிருந்து அத்தனை தண்ணி தூக்கறதுக, இது என்னுங்க பெரிய சோலி?”

கேட்ட மாத்திரத்தில் எனக்கும் அது அபாரமான யோசனையாகப் பட்டது. கோயமுத்தூர் மில்களுக்குப் பைக்காரா கரண்ட் வந்திருந்தது. எங்கள் தோட்டத்தில் எல்லா பலமும் மாடுகள்தான். கிணற்றிலிருந்து மண் சரிவு ஒன்று இறங்கும். மாடுகள் அதில் இறங்கினால் வடம் இழுபட்டு, தண்ணீர் நிரம்பிய தோல் சால் மேலே வந்து கொட்டும். காலையிலிருந்து உச்சிப் பொழுதுவரை அந்த ஜோடிக்கு அதுதான் வேலை. நான் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி அளந்து பார்த்தேன். பன்னிரண்டு சுற்றுக்கு இருபத்தைந்து முழம் கயிறு.

“கவலைச் சரிவும் இருபத்தஞ்சு முழந்தானுங்க!” என்றார் அவர்.

நல்ல சகுனம் என்று மூவரும் சிரித்தோம்.

கொட்டகைக்கு முதுகைக் காட்டி மாடுகளைப் பூட்டினோம். நங்கையா ஆணியோடு ஏணிமேல் நின்றார். நான் சுற்று எண்ணினேன். கவலைக்காரர் நாக்கைச் சுழித்து ஒரு சத்தம் கொடுத்ததும் மாடுகள் நடந்தன. சக்கரம் சுழன்றது. ஒன்று, இரண்டு, மூன்று. ஸ்பிரிங் ‘கிறுக், கிறுக்’ என்று வளையம் வளையமாக இறுகியது. எட்டாவது சுற்றில் கொட்டகைச் சுவரே முனகியது. ஓட்டுச் சரிவிலிருந்து தூசி உதிர்ந்தது. மாடுகளின் திமில் விறைத்து நின்றது. இத்தனை பலமும் எங்கே போய்ச் சேர்கிறது என்று நினைத்தேன். எங்கும் போகவில்லை, அந்தக் கம்பிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. எனக்கு மெய் சிலிர்த்தது.

“பன்னெண்டு!” என்று கத்தினேன்.

நங்கையா ஆணியைத் துளையில் வைத்து உள்ளே தள்ளினார். பாதிதான் போயிருக்கும். மாடுகள் இருபத்தைந்து முழம் நடந்துவிட்டன. வடத்தில் பூட்டினால் இருபத்தைந்து முழத்துக்கு அப்பால் அவை ஓர் அடி வைத்ததில்லை. அந்த இடத்தில் சால் கொட்டும், உடனே பின்னால் நடந்து சரிவேற வேண்டும். அதுதான் அவற்றுக்குத் தெரிந்த உலகம். யாரும் சொல்லாமலேயே, முகம் முன்னே பார்த்தபடி, இரண்டும் சேர்ந்தாற்போல் பின்னால் காலெடுத்து வைத்தன. கவலைக்காரர் ஐயோ என்று வடத்தின்மேல் விழுந்தார். விழுந்து என்ன செய்ய? சக்கரம் திரும்பிச் சுழன்றது. ஆணியை வளைத்து எறிந்துவிட்டு, பன்னிரண்டு சுற்றையும் ஒரே மூச்சில் அவிழ்த்தது. வடம் சாட்டையாகச் சுழன்று அறுந்தது. சத்தம் அடங்கியபோது நங்கையா ஏணியோடு தரையில் கிடந்தார். வலது மணிக்கட்டு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாடுகள் ஒன்றும் நடக்காதது போல நின்று அசைபோட்டன. அவற்றின்மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! ஆனால் குற்றம் அவற்றின் பேரில் இல்லை. தினமும் அந்தச் சரிவைக் கண்ணால் பார்க்கிற மூன்று பேர், ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

கட்டுப் போடுகிற வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நங்கையா ஒரு சத்தம் போடவில்லை. கவலைக்காரர்தான் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நங்கையா அவரைப் போய்த் தண்ணீர் இறைக்கச் சொன்னார். “பாத்தி காஞ்சு கெடந்தா அப்பாவுக்குச் சந்தேகம் வரும். நீங்க சோலியப் பாருங்க. நானும் கண்ணுவும் இருக்கறோம்.”

“நங்கையா, நமக்கு வேண்டாமுங்க,” என்றேன். எனக்கு உண்மையிலேயே பயம். “ஃபிட்டர் வரட்டுமுங்க.”

“அவ வயித்துல இருக்கறது ஃபிட்டருக்குக் காத்திருக்குமா?” என்றார்.

மறுநாள் காலை காகிதத்தில் இருந்த வழியிலேயே தொடங்கினோம். சக்கரத்தில் நாலு துளை. ஒரு கம்பியைத் துளையில் செருகி, மேல்நோக்கித் தள்ளினால் கால் சுற்று. அதைப் பிடித்தபடியே இரண்டாவது கம்பியை அடுத்த துளையில் செருகிய பிறகுதான் முதல் கம்பியை உருவலாம். நாலு துளை, பன்னிரண்டு சுற்று, நாற்பத்தெட்டு தடவை. இரண்டு பேருக்குமாக மூன்று கை. பெஞ்சுமேல் நின்று நான் தள்ளுவேன். நங்கையா கம்பிக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொள்வார். நான் அடுத்த கம்பியைச் செருகுவேன். கம்பிக்கு நேர் எதிரே நிற்காதே, பக்கவாட்டில் நில் என்று காகிதம் சொன்னது. பிள்ளையாரை வேண்டிக்கொள் என்று சொல்லவில்லை. அதை நானே சேர்த்துக்கொண்டேன்.

இருபதுவரை விளையாட்டு மாதிரிப் போயிற்று. முப்பதுக்கு மேல் கம்பி உயிருள்ள பிராணி போல ஆகிவிட்டது. என் உள்ளங்கையில் அது மெல்ல நடுங்குவதை உணர்ந்தேன். நான் கொடுத்த ஒவ்வொரு தள்ளலையும் ஒன்றுகூட வீணாக்காமல் வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கச் சமயம் பார்த்தது. முப்பத்தாறில் என் கைகள் துவண்டுவிட்டன. கம்பி நங்கையாவின் தோளில் அழுந்த, நான் மூச்சு வாங்கினேன்.

அப்போதுதான் சொன்னார். கம்பியின் கனம் தோளில் இருந்தது. கண் எதிர்ச் சுவரில் இருந்தது.

“எனக்கும் ஒண்ணு வயித்துல இருந்துச்சு கண்ணு. எங்க ஊட்டுக்காரரு இருந்தப்ப, பிரசவத்துக்கு இந்த ஊட்டுக்கு வந்திருந்தேன்; காரு அவருகிட்ட இருந்துச்சு. காலையில வலி எடுத்துச்சு. வண்டி பூட்டுங்கன்னு அப்பாகிட்டக் கேட்டேன். மாடு ரெண்டும் கவலையில இருந்துச்சு. இந்தப் பாத்தி பாஞ்சு முடியட்டும் அம்மணி, அவுத்துட்டு வாரேன்னாங்க. ஒரு பாத்திதான். கொஞ்ச நேரந்தான். சூலூர் பிரிவு தாண்டறப்ப வண்டியிலேயே பொறந்துச்சு. அழவே இல்ல.”

நான் அடுத்த கம்பியைத் துளையில் செருகினேன்.

“அப்பா மேல கோவமில்ல. அவிகளுக்குத் தெரியாது. ஆனா இனிமே யாரும் யாரையும் கேட்டுட்டு நிக்கப்படாது. தள்ளு கண்ணு.”

தள்ளினேன். அந்தப் பன்னிரண்டு தடவையும் எந்தக் கையால் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. நாற்பத்தெட்டில் துளையும் துளையும் நேருக்கு நேர் வந்தன. புது ஆணியைச் செருகி, சுத்தியலால் நாலு போடு போட்டேன். “விடட்டுங்களா?” என்று கேட்டேன். நங்கையா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். கம்பியை மெல்லத் தளர்த்தினேன். சக்கரம் ஒரு நூல் அசைந்தது, ஆணியில் முட்டியது, நின்றது. அத்தனை சத்தமும் மூர்க்கமும் இருந்த இடத்தில் இப்போது பேச்சு மூச்சில்லை. நாங்கள் இரண்டு பேரும் கொடுத்த நாற்பத்தெட்டு தள்ளலும் தலைக்கு மேலே பத்திரமாக இருந்தது. எனக்கு அதைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கும்பிட்டேன்.

நங்கையா இறங்கி வந்து இடது கையின் இரண்டு விரலைக் கைப்பிடிக்குள் விட்டார். சரசரவென்று கதவு எழும்பி மேலே போய்ச் சுருண்டுகொண்டது. உள்ளே கார் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. நங்கையா சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மாமா வந்தார். மகளின் கட்டைப் பார்த்தார். கொட்டகைக்குப் போய், கதவுக்கு மேலே புது ஸ்பிரிங்கைப் பார்த்தார். திரும்பி வந்து மகள் முன்னால் நின்றார்.

“யாரைக் கேட்டுட்டு இதைச் செஞ்சே?”

“யாரையும் கேக்கலைங்கப்பா.”

அவ்வளவுதான். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மூன்றாம் நாள் விடியற்காலை, கருமத்தம்பட்டி மாதா கோயில் மணி அடிப்பதற்கு முன்பே, மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கமிருந்து குரல் வந்தது. “அம்மணீ! ஏனுங்கம்மணீ! வலி கண்டுபோச்சுங்க!” நான் எழுந்து கூந்தலை முடிவதற்குள் நங்கையா கொட்டகைக்குப் போய்விட்டார். கதவு ஏறுகிற சத்தம் கேட்டது. இடது கை, இரண்டு விரல். கவலைக்காரரும் அவர் தாயாருமாக அந்தப் பெண்ணைத் தாங்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் படுக்க வைத்தார்கள்.

“நீ முன்னால உக்காரு கண்ணு,” என்றார் நங்கையா. “ஸ்டீரிங்குக்கு எனக்கு ஒரு கைதான் இருக்குது. கியரை நீ போடோணும். நான் சொல்லச் சொல்லத் தள்ளு.”

வண்டி வெளியே வந்தபோது வாசலில் மாமா நின்றார். பின்சீட்டில் முனகிக்கொண்டிருந்தவளையும், முன்சீட்டில் கியர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த மருமகளையும், கட்டுப் போட்ட மகளையும் பார்த்தார். நங்கையா வண்டியை நிறுத்தவில்லை.

பதினைந்து மைலும் “ஒண்ணு… ரெண்டு கண்ணு… மூணு… ஐயோ, முன்னால தள்ளு, பின்னால இல்ல” என்று போயிற்று. வண்டி குதித்தது, கனைத்தது, சூலூர் பிரிவருகே ஒருமுறை நின்றேவிட்டது. அந்த இடத்தில் நங்கையா ஒரு கணம் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்தார். பிறகு, “ஒண்ணு போடு கண்ணு,” என்றார். போட்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்து அரை மணியில் அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. வராந்தாவின் கோடிவரை கேட்கிற மாதிரி அழுதது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நங்கையா தூணில் சாய்ந்து நின்றார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவே இல்லை.

மறுநாள் உச்சிப் பொழுதில் திரும்பி வந்தோம். கொட்டகைக் கதவு நாங்கள் விட்டுப்போனபடியே மேலேறி இருந்தது. அதற்கு எதிரே கயிற்றுக் கட்டிலைப் போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் விடியலிலிருந்து அங்கேதான் இருக்கிறாராம்; சாப்பாடும் அங்கேயே. யாரையும் கதவைத் தொடவிடவில்லையாம்.

“ரெண்டும் சொகமுங்கப்பா. பொட்டப் புள்ள,” என்றார் நங்கையா.

மாமா தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார்.

“ஏனுங்கப்பா, கதவை மூடியிருக்கலாமில்லீங்க? வெயில்ல ஏன் உக்காந்திருக்கறீங்க?”

“மூடிப்போட்டா மறுபடியும் தொறக்குமோ தொறக்காதோன்னு பயமா இருந்துச்சு அம்மணி.”

நங்கையா வண்டியை உள்ளே விட்டு, வெளியே வந்து கதவைக் கீழே இழுத்து மூடினார். மாமா கட்டிலிலிருந்து எழுந்தார். கதவருகே வந்து நின்றார். மகள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டார்.

“ஒருக்கா நான் தொறந்து பாக்கட்டுமா அம்மணி?”

அந்த வீட்டில் அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் அறிந்ததில்லை. நங்கையா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். “தொறங்கப்பா,” என்று விலகி நின்றார்.

மாமா துண்டைத் தலையில் கட்டினார். காலை அகட்டி ஊன்றினார். ஆறு ஆள் தூக்குகிற கதவு என்பதுதான் அவர் மனதில் இருந்தது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்க, முழு பலத்தையும் கூட்டித் தூக்கினார். கதவு பறந்துபோய் மேலே சுருண்டது. அவருடைய இரண்டு கையும் வெறும் காற்றில், தலைக்கு மேலே அப்படியே நின்றன.

கையை இறக்காமலே திரும்பி மகளைப் பார்த்தார்.

“இத்தனை லேசா அம்மணி?” என்றார். “இத்தனை லேசான காரியமா இது?”

“லேசுதானுங்கப்பா,” என்றார் நங்கையா.

மாமா கட்டிலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நங்கையா பக்கத்தில் போய் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை அவர் முதுகின்மேல் வைத்தார். நான் கம்பு புடைக்கப் போய்விட்டேன்.